நடவாத சரித்திரத்தின் விலை

எமது தமக்கையின் மகன் ஜேர்மனியிற் பிறந்து அங்கேயே கல்வி பயில்பவன், பதினாறு வயதினன். பாடசாலை விடுமுறையின்போது ஊருக்கு வந்தவன், உடுப்புகளுக்கு நடுவே வெகு பத்திரமாக ஒரு பெட்டியையும் கொண்டுவந்திருந்தான். பெட்டியைத் திறந்து, பொதிந்திருந்த பஞ்சை விலக்கி, எமது மேசைமீது அவன் எடுத்து வைத்தது ஒரு ஹெலிகொப்டர். பிளாஸ்ரிக்கினால் ஆன மாதிரியுரு. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த உடல். அதன்மேல் இரண்டு சோடிச் சுழல் தகடுகள். பல வாரங்கள் பாடுபட்டுத் தன் கையாலேயே அமைத்ததென்று கூறினான்.

அதனோடு ஓர் அட்டையும் இருந்தது. ஜேர்மன் மொழியில் அதிலே எழுதியிருந்த வரிகளை அவனே எமக்குத் தமிழிற் சொன்னான். 1946ஆம் ஆண்டின் இளவேனிற் காலம். நேச நாடுகளின் படைகள் றைன் நதிக்கு மேற்கே தடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த ஆயிரம் ஹெலிகொப்டர்கள் ஆற்றங்கரையை வேவுபார்த்துப் பீரங்கிகளுக்கு இலக்குக் காட்டுகின்றன. இங்கே நிற்பது அவற்றுள் ஒன்று. அட்டையின் சாரம் இதுவே.

ஐரோப்பாவில் 1945 மே மாதத்திலே முடிந்துபோன போர், அந்த அட்டையில் மறு ஆண்டும் நடந்துகொண்டிருந்தது.

இது எமது மருமகன் ஒருவனுக்கு மட்டும் உதித்த எண்ணமன்று. மாதிரியுரு அமைப்போரிடையே நன்கு வேரூன்றிய வழக்கங்களுள் இதுவும் ஒன்று. ‘நடந்திருந்தால்’ என்னும் ஒற்றைச் சொல்லை ஆதாரமாகக் கொண்டு, ஒருபோதும் பறவாத விமானத்துக்கு ஒரு படைப்பிரிவையும், ஒருபோதும் நிகழாத போருக்கு ஆண்டையும் மாதத்தையும் கற்பித்து, அதற்கிசையச் சாயம் பூசிச் சின்னங்களை ஒட்டுவர். ஹிட்லரின் விமானப்படை 1946 வரை நீடித்திருந்தால் என்ற கற்பனைக்கு ‘லுஃப்ட் 46’ என்று தனிப்பெயரே உண்டு. அதனைப் பற்றிய நூல்களும் உள.

இவ்வழக்கத்திலே தீங்கு ஏதும் உளதா? நடந்ததைத் திரித்துக் கூறுவது பொய், அது குற்றம். நடவாததை நடவாதது என்று அறிந்தே கற்பனை செய்வது எக்குற்றம்? கற்பனைக்கு அறத்தின் முன் பதில் சொல்லும் கடமை உண்டா? எமது மேசைமேல் நின்ற அந்தச் சிறு ஹெலிகொப்டர் எம்மைக் கேட்ட கேள்வி இதுதான்.

முதலில் அப்பையனின் உழைப்புக்கு உரிய மதிப்பை அளித்தல் வேண்டும். இக்கலையை அறியாதார் இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவர். அது தவறு. பெட்டியில் வரும் உறுப்புகள், இலைகள் காம்பில் ஒட்டியிருப்பதுபோலப் பிளாஸ்ரிக் சட்டங்களில் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்தெடுத்து, வெட்டுவாயை அரத்தாளால் தேய்த்து, பசையிட்டு, காயும்வரை பொறுத்திருந்து, அடுத்ததைப் பொருத்தவேண்டும். சாயத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய படைகளாகப் பூசவேண்டும். சின்னங்கள் அச்சிட்ட ஒட்டுப்படங்களை நீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து, காற்றுக் குமிழி தங்காது படியவைக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இக்கலை வசப்படாது.

இக்கலையின் முதல் அறம் அளவுப் பிரமாணம். 1/35 என்று சொன்னால் எல்லாம் முப்பத்தைந்தில் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஏறக்குறைய 12 மீற்றர் விட்டமுள்ள சுழல் தகடு 34 சென்ரிமீற்றராகும். ஆறடி உயரமான விமானி இரண்டங்குலத்துக்குச் சற்று மேற்படுவான். ஓர் ஆணியின் தலை அளவுக்கு மிஞ்சிப் பருத்தாலும் தேர்ந்தவர் கண் அதனைக் கண்டுவிடும். எமது மருமகன் தன் ஹெலிகொப்டரின் எஞ்சினுக்குப் போகும் ஒரு குழாயைப் பழைய நிழற்படங்களுடன் ஒப்பிட்டுப் பார்த்து, பிழையெனக் கண்டு, உடைத்தெடுத்து மீண்டும் செய்ததாகக் கூறினான். உண்மையின்மீது இத்துணை பற்றுடையவன் பொய்யன் ஆகான். அவன் எழுதிய அட்டையை ஆராயவேண்டும் என்று நாம் கருதியதற்கும் அந்தப் பற்றே காரணம்.

இனி, அந்த ஹெலிகொப்டரின் மெய்யான கதையைச் சுருங்கக் கூறுவோம். அதன் பெயர் கொலிப்ரி. மலரின் முன்னே அந்தரத்தில் அசையாது நின்று தேனருந்தும் ஒரு சின்னஞ்சிறு பறவைக்கு ஜேர்மன் மொழியில் வழங்கும் பெயர் அது. அன்ரன் பிளெட்னர் என்னும் பொறியியலாளர் அதனை அமைத்தார். 1941இல் அது முதன்முதற் பறந்தது. ஹெலிகொப்டர் மேலெழும்போது, தகடு ஒரு திசையிற் சுழல உடல் எதிர்த்திசையிற் சுழல முனையும். இதனைத் தடுக்கவே வால் நுனியில் மற்றொரு சிறு சுழலியை வைப்பது இன்றுள்ள பெருவழக்கு. பிளெட்னர் வேறு வழி கண்டார். அருகருகே நிறுத்திய இரு தண்டுகளைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து, எதிரெதிராகச் சுழலும் இரண்டு சோடித் தகடுகளை அவற்றிற் பொருத்தினார். ஒன்று விட்ட இடைவெளியில் மற்றொன்று புகும், ஒருபோதும் மோதா. கைகோத்து ஆடும் இருவர் தாளம் தப்பாது ஒருவரையொருவர் கடப்பதுபோன்றது அது. பால்டிக் கடலில் போர்க்கப்பலின் தளத்திலிருந்து அதனைப் பறக்கவிட்டுப் பரிசோதித்தனர். 1944இல் ஆயிரம் ஹெலிகொப்டர்களைச் செய்து தரும்படி பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துக்குக் கட்டளை பிறந்தது. நேச நாடுகளின் குண்டுவீச்சினால் அக்கட்டளை நிறைவேறவில்லை. முடிவிற் செய்யப்பட்டவை இரண்டு டசின் அளவே.

அறிவுக்கு விருந்தான ஒரு படைப்பு முற்றும் மலராமற் போயிற்றே என்று இதனைப் படிக்கும் எவருக்கும் தோன்றும். எமக்கும் தோன்றியது. மருமகனின் அட்டை பிறந்ததும் இவ்வேக்கத்திலிருந்தே. ஆயிரம் கட்டளையிடப்பட்டன, இருபதுக்குச் சற்று மேல் கட்டப்பட்டன என்ற இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வெளியிலே அவன் தன் கற்பனையைக் குடியேற்றினான்.

அதனை நாம் வினவியபோது அவன் சற்றும் தயங்காது விடை தந்தான்.

“மாமா, இது நடக்காத கதையெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லையே? ‘பொன்னியின் செல்வன்’ படம் பாத்தனிங்கள்தானே? அதில வாறதெல்லாம் நடந்ததோ?”

நல்ல கேள்வி. கல்கி தம் நாவலில் நந்தினியைப் படைத்தார். சரித்திரத்திலே அப்படி ஒருத்தி இல்லை. அதற்காக அவரை எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. கூர்ந்து நோக்கின், இரண்டுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. சரித்திர நாவலாசிரியன் கல்வெட்டு மௌனமாயிருக்கும் இடத்திலே பேசுகிறான். அட்டை எழுதுவோனோ சரித்திரம் தெளிவாகப் பேசிய இடத்திலே அதன் வாயை மூடி வேறொன்றைப் பேசுகிறான். முன்னது நிரப்புதல், பின்னது பெயர்த்தல். பெயர்த்தலே கூடாது என்று நாம் கூறவரவில்லை. பெயர்ப்பவனுக்குப் பொறுப்பு அதிகம் என்பதே நாம் கூறுவது.

பெயர்த்தலே கூடாது என்போரும் உளர். ஆங்கில வரலாற்றாசிரியர் ஈ. எச். கார் 1961இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில், ‘அப்படி நடந்திருந்தால், இப்படி நடந்திருந்தால்’ என்ற ஆராய்ச்சியை வீட்டுக் கூடத்தில் ஆடும் பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு ஒப்பிட்டார். அவர் மற்றொன்றையும் கவனித்தார். நோர்மானியர் இங்கிலாந்தை வென்றிராவிட்டால் என்று எவரும் பெருமூச்சு விடுவதில்லை. ருஷ்யப் புரட்சி நடவாதிருந்தால் என்று ஏங்குவோரே பலர். அதாவது, எவருடைய நலன் இன்னும் காயப்பட்டுக் கிடக்கிறதோ அவரே சரித்திரத்தைத் திருத்தி எழுத ஆசைப்படுகின்றார். நடவாத சரித்திரம் வெறும் கற்பனையன்று. அதன் அடியில் ஓர் ஆசை படுத்திருக்கிறது என்ற எச்சரிக்கை இதிலுண்டு. சமுதாயத்தை நேசிக்கும் எவரும் இதனை மறத்தலாகாது.

எனினும், காரின் கூற்றை முற்றாக ஏற்றல் எமக்கு இயலவில்லை. ‘வேறு விதமாக நடந்திருக்கலாம்’ என்ற எண்ணத்தையே துறந்துவிட்டால் அறம் என்ற சொல்லுக்கும் பொருளில்லாது போய்விடும். பாண்டியன் ஆராயாது தீர்ப்பளித்தான் என்று சிலப்பதிகாரம் படிக்கும் மாணவருக்கு நாம் கூறும்போது, ஆராய்ந்திருக்கலாம் என்றே கூறுகின்றோம். ஆராய்ந்திருந்தால் கோவலன் இறந்திரான் என்ற நடவாத சரித்திரத்தை உள்ளத்திற் கொண்டே மன்னனைக் குற்றவாளி என்கின்றோம். எல்லாம் ஊழின் செயல், வேறெதுவும் நடந்திருக்க முடியாது என்று கொண்டால், கண்ணகி வழக்குரைக்கச் சென்றதும் வீண். ஆக, நடவாததைக் கற்பனை செய்தல் மனிதனின் நீதியுணர்ச்சிக்கே மூச்சாக உள்ளது. கற்பனை செய்யலாமா என்பதிற் பிணக்கில்லை. எந்தக் கணக்கோடு கற்பனை செய்கிறோம் என்பதே பிரச்சினை.

அந்தக் கணக்கை மருமகனின் அட்டைக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆயிரம் கொலிப்ரிகள் கட்டப்படவேண்டுமாயின் அவற்றைக் கட்டுவதற்குக் கைகள் வேண்டும். 1944இல் ஜேர்மனியின் இளைஞர்கள் போர்முனையில் நின்றனர். தொழிற்சாலைகளில் நின்ற கைகள் யாருடையவை? கட்டளையைப் பெற்ற அதே நிறுவனத்துக்கு மியூனிக் நகரின் புறத்தே அல்லாக் என்னுமிடத்தில் விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதனருகே, டாக்கவ் வதைமுகாமின் கிளைமுகாமொன்று 1943இல் அமைக்கப்பட்டது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான கைதிகள், பல தேசத்தவர், அத்தொழிற்சாலையில் வேலைக்கு ஏவப்பட்டனர். பசியோடும் நோயோடும் சவுக்கடியோடும் செய்த வேலை அது. எனவே ஆயிரம் கொலிப்ரிகள் கட்டப்பட்டிருந்தால் அவற்றை எத்தகைய கைகள் கட்டியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரும் புலமை வேண்டியதில்லை. அட்டையிலே அக்கைகள் இல்லை. ‘தொழிற்சாலையிலிருந்து புதிதாக வந்த’ என்ற மூன்று சொற்களுக்குள்ளே அவை புதைக்கப்பட்டுவிட்டன.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. போர் 1946 வரை நீடிப்பதற்கு என்ன வேண்டும்? நேச நாடுகளின் படைகள் றைனுக்கு மேற்கே நிற்கவேண்டும். அங்கே அவை நிற்குமாயின் டாக்கவைச் சென்றடையமாட்டா. மெய்யான சரித்திரத்தில் 1945 ஏப்ரில் 29ஆம் நாள் அமெரிக்கப் படையினர் அம்முகாமின் வாயிலைத் திறந்தனர். முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உள்ளே உயிரோடிருந்தனர். முகாமிற் பரவிய நச்சுக்காய்ச்சல் அம்மாதங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. அட்டையின் 1946 வரவேண்டுமாயின் அந்த வாயில் இன்னும் ஓராண்டு மூடிக்கிடத்தல் வேண்டும். அழகிய சிறு ஹெலிகொப்டர் ஒன்று இளவேனில் வானத்திற் பறப்பதற்காக, மெய்யாகவே உயிர்தப்பிய அந்த மனிதர்களைக் கற்பனையிலே மீண்டும் முட்கம்பிக்குள் அனுப்பவேண்டும்.

மருமகன் இதனை விரும்பினானா? இல்லை. அவன் இதனை நினைக்கவேயில்லை. குற்றம் விருப்பத்தில் இல்லை, நினையாமையில் இருக்கிறது. சரித்திரம் கட்டிய சுவரிலே ஒரு கல்லை மட்டும் உருவியெடுத்து மற்றவற்றை அப்படியே நிற்கச் செய்ய எவராலும் இயலாது. உருவுபவன், சரியும் கற்கள் எவர் தலைமேல் விழுகின்றன என்று பார்க்கக் கடமைப்பட்டவன்.

இவ்விடத்திலே ஒரு சிறு செய்தி எமது சிந்தனையைத் தூண்டியது. ஹிட்லர் ஆட்சியின் ஸ்வஸ்திகச் சின்னத்தைப் பொதுவிற் பரப்புவதையும் காட்டுவதையும் ஜேர்மன் நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் விலக்குண்டு. ஆதலால் அந்நாட்டுக் கடைகளில் விற்கும் மாதிரியுருப் பெட்டிகளில் பொதுவாக அச்சின்னம் இராது; சில உற்பத்தியாளர் அதனை இரு துண்டாக்கி அச்சிடுவதும் உண்டு. எமது மருமகனின் ஹெலிகொப்டரின் வாலிலும் சின்னம் இல்லை. சட்டத்தை நாம் குறைகூறவில்லை. தன் பழம்பாவத்தை நினைவிற் கொண்ட ஒரு சமுதாயம் வகுத்த வேலி அது. எனினும் விளைவை நோக்குக. பறவைபோன்ற உடலும், நுட்பமான தகடுகளும், வீரக்கதையும் எஞ்சி நிற்க, அவற்றை ஈன்ற ஆட்சியின் முகம் மட்டும் மறைந்துவிடுகிறது. சின்னத்தை நீக்கச் சட்டத்தால் இயலும். சின்னம் நீங்கிய வெற்றிடத்திலே மனிதரை நினைவுறுத்த அதனால் இயலாது. அது எழுதுவோனும் கற்பிப்போனும் செய்யவேண்டிய வேலை.

விளையாட்டை விளையாட்டாக விடக்கூடாதா, சதுரங்கமும் போர்தானே என்று கேட்பார் உளர். சதுரங்கத்தில் ஆண்டு இல்லை, ஊர் இல்லை, வெட்டுண்ட காலாளுக்குத் தாய் இல்லை. அட்டையில் ஆண்டும் உண்டு, ஆறும் உண்டு. மேலும், மாதிரி விமானம் என்றுமே போருக்குப் புறம்பாக இருந்ததுமில்லை. 1942இல் அமெரிக்கப் பாடசாலை மாணவரிடம் 5 இலட்சம் மாதிரி விமானங்கள் மரத்திற் செதுக்கித் தரும்படி கேட்கப்பட்டன. வானிற் பறப்பது நட்போ பகையோ என்று கண்டறியப் படையினரைப் பழக்குவதற்கே அவை வேண்டப்பட்டன. இன்று மாதிரியுரு அமைப்போரிடையே பெருவழக்காயுள்ள 1/72 என்ற அளவுப் பிரமாணமே அவற்றுக்கும் வகுக்கப்பட்டிருந்தது.

ஹெலிகொப்டர் பிறப்பிலேயே கொடியதன்று. 1944 ஏப்ரிலில், பர்மாக் காட்டிலே பகைவரின் பின்புறத்தில் அகப்பட்டுக்கொண்ட ஒரு விமானியையும் காயமுற்ற மூன்று பிரித்தானியப் படைவீரரையும் அமெரிக்க ஹெலிகொப்டர் ஒன்று ஒருவர் பின் ஒருவராகத் தூக்கிச்சென்று காத்தது. போர்க்களத்தில் ஹெலிகொப்டர் உயிர்காத்த முதற் செய்தி அதுவே என்பர். கொலிப்ரிக்கு ஆயிரம் என்று கட்டளை பிறந்ததும் அதே ஆண்டில்தான். உயிர் காப்பதும் உயிர் கொல்லுவதும் தகட்டிலில்லை. எவர் கையில், எவர் பொருட்டு என்பதிலேயே உண்டு. அதனாலேயே அதனைப்பற்றிய கதையில் மனிதரை நீக்கிவிட்டால் நன்மையும் தீமையும் ஒருங்கே நீங்கிவிடுகின்றன. எஞ்சுவது வெறும் அழகு.

எமக்கு இதுபற்றிப் பேச ஒரு தனி உரிமையும் உண்டு. எம் வயதினர் வடக்கிலே சிறுவராயிருந்த 1990களில் ‘ஹெலி’ என்ற சொல்லை ஹெலிகொப்டர் என்ற முழுச்சொல்லுக்கு முன்பே கற்றோம். தொலைவிற் கேட்கும் படபடப்பிலிருந்து அது எத்திசை வருகிறது, தாழ்கிறதா, திரும்புகிறதா என்று அறியும் வித்தை எமக்கு ஏடு தொடக்கியது. பாடப்புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடியவர் நாம். குழிக்குள் இருப்பவனுக்கு ஹெலியின் நுட்பம் தெரியாது. அதன் நிழல் மட்டுமே தெரியும். மேலிருந்து பார்க்கும் கதையும் கீழிருந்து பார்க்கும் கதையும் ஒன்றாகா. மருமகனின் அட்டை மேலிருந்து எழுதப்பட்டது. அதன் கீழே ஒரு குழி இருக்கும் என்று எமக்கு உடனே தோன்றியதற்கு எமது அறிவு காரணமன்று, அனுபவமே காரணம்.

இவ்வாறு கூறிவிட்டு நாம் மட்டும் தூயவர் என்று இருந்துவிடலாமா? எம்மவரிடத்தும் அட்டை எழுதுவோர் பலர் உளர். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றாதிருந்தால், சங்கிலி குமாரன் வென்றிருந்தால், எமது நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று மேடைகளிலும் திண்ணைகளிலும் பேசிப் புளகாங்கிதமடையாதார் எவர்? அன்னியர் எம்மை அடிமைகொண்டது அநீதி. அதில் இரு கருத்தில்லை. எனினும் அந்தக் கற்பனை இராச்சியத்திலே பல்லக்கில் ஏறுவோரை மட்டுமே நாம் காண்கின்றோம். பல்லக்கைச் சுமப்போர் எவர்? நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை எவருக்கு? அரசு பறிபோய் 349 ஆண்டுகள் கழித்து, 1968இலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே எம் மக்களில் ஒரு பகுதியினர் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்று போராடவேண்டியிருந்தது. அவர்களுக்கு அந்த நடவாத இராச்சியத்தில் என்ன இடம் என்று கேளாது அதனைப் புகழ்ந்துரைப்போன், றைன் நதிக்கரையில் ஹெலிகொப்டரைப் பறக்கவிட்ட சிறுவனைக் கண்டிக்கும் தகுதி உடையனல்லன்.

பழம்பரணி பாடிய புலவனிடம் இந்த நேர்மை ஓரளவுக்கேனும் இருந்தது. கலிங்கத்துப்பரணி அரசனின் வெற்றியைப் பாடவே எழுந்தது, ஐயமில்லை. ஆயினும் களத்தை அது மறைக்கவில்லை. பிணங்கள் கிடக்கின்றன, பேய்கள் கூழ் அடுகின்றன. வெற்றியின் அடுப்பில் எரிவது என்ன என்பதைக் கேட்போன் காணாதிருக்க முடியாது. அந்த அளவுக்குக்கூட எமது காலத்து அட்டைகள் துணிவதில்லை.

அப்படியாயின் நடவாத சரித்திரத்தை நேர்மையாகக் கற்பனை செய்வது எப்படி? ஓர் உதாரணம் கூறுவோம். அதே 1944ஆம் ஆண்டின் கோடையில், அவுஷ்விட்ஸ் மரணமுகாமுக்குச் செல்லும் இரயிற்பாதைகளைக் குண்டுவீசித் தகர்க்குமாறு யூதத் தலைவர்கள் நேச நாடுகளை வேண்டினர். அமெரிக்கப் போர்த் திணைக்களம் மறுத்தது. எனினும் அவ்வாண்டு ஓகஸ்ற், செப்டெம்பர் மாதங்களில் அம்முகாமிலிருந்து சில மைல் தொலைவிலேயே இருந்த மொனோவிட்ஸ் இரசாயனத் தொழிற்சாலைமீது அமெரிக்க விமானங்கள் குண்டுவீசின. பாதைகளைத் தகர்த்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்? பிழைத்திருக்குமா? வரலாற்றாசிரியர் இன்றும் இதனைப் பற்றி வாதிடுகின்றனர். இதுவும் நடவாத சரித்திரமே, இதிலும் விமானங்கள் உண்டு, ஆண்டும் அதுவே. ஆனால் இக்கேள்வியின் நடுவே நிற்பவர் இரயிற்பெட்டிக்குள் அடைபட்ட மனிதர். இக்கற்பனை எவரையும் புதிதாகக் கொல்வதில்லை. கைவிடப்பட்டோர் சார்பில் நின்று கணக்குக் கேட்கிறது. ஒரே ‘நடந்திருந்தால்’ தான். ஒன்று இயந்திரத்தின்மீது இரங்குகிறது. மற்றொன்று மனிதனின்மீது இரங்குகிறது.

ஆகவே நாம் வந்தடையும் முடிவு இதுவே. கற்பனைக்கும் அளவுப் பிரமாணம் உண்டு. ஹெலிகொப்டரின் தகட்டை முப்பத்தைந்தில் ஒன்றாகச் சுருக்குவோன், அதன் எஞ்சினையும் விமானியையும் அவ்வாறே சுருக்குகிறான்; ஒன்றை மட்டும் சுருக்கி மற்றொன்றை நீக்கிவிடுவதில்லை. அவன் கற்பிக்கும் சரித்திரத்துக்கும் இவ்விதியே பொருந்தும். ஆயிரம் ஹெலிகொப்டர்களை அதில் வைப்பானாயின் அவற்றைக் கட்டிய கைகளையும் வைத்தல் வேண்டும். போரை ஓராண்டு நீட்டுவானாயின் அவ்வாண்டில் மாள்வோரையும் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணியபின்னும் அந்தக் கதையை அவன் விரும்புவானாயின், தான் எதனை விரும்புகிறான் என்பதை அறிந்தாவது விரும்புவான். விரும்பாது விடுவானாயின் அதுவே நன்று. எழுதாதே என்று எவர் கையையும் பிடிக்க நாம் விரும்பவில்லை. முழுவதையும் எழுது என்று கேட்கின்றோம்.

மருமகனிடம் நாம் இவற்றையெல்லாம் இவ்வளவு ஒழுங்காகக் கூறவில்லை. அல்லாக் பற்றியும், டாக்கவின் வாயில் திறந்த நாள் பற்றியும் மட்டுமே கூறினோம். டாக்கவை அவன் அறிந்திருந்தான். பாடசாலையிலிருந்து ஒருமுறை அங்கு அழைத்துச் சென்றார்களாம். முகாமைக் கண்டவன், ஹெலிகொப்டரையும் கட்டியவன். இரண்டையும் ஒரே உள்ளத்தில் வெவ்வேறு அறைகளில் வைத்திருந்தான். அவனை மட்டும் ஏன் நோகவேண்டும்? பரீட்சைக்குச் சரித்திரம், பொழுதுபோக்குக்குக் கற்பனை என்று சுவர் எழுப்பிக் கொடுப்பவர் ஆசிரியராகிய நாமன்றோ?

அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, “இந்த அட்டை சின்னன் மாமா. இவ்வளவையும் எழுத இதில இடம் காணாது” என்றான்.

உண்மைதான். இடம் போதாது. அட்டையைப் பெரிதாக்குவதா, கதையைச் சிறிதாக்குவதா என்பதை அவனே தீர்மானிக்கட்டும் என்று விட்டோம். விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் ஹெலிகொப்டரைப் பஞ்சிற் பொதிந்து பெட்டியில் வைத்தான். அட்டையை அதனுடன் வைக்கவில்லை. தன் சட்டைப் பையிலே தனியாக வைத்துக்கொண்டான்.